வெயிலில் காயும் பிளாஸ்டிக்



பேச்சைத் தொடங்குமுன் ஒரு துண்டுத் துணியைக் காட்டிவிடுகிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? என் பழைய வேட்டியின் ஓரத்தில் கிழித்தது. நேற்று இரவு, ஐஸ் தண்ணீரில் வைத்த கண்ணாடிக் குவளையில் அமிலமும் அனிலினும் கலந்து, இந்தத் துணியை அதில் நனைத்து, அம்மோனியம் பெர்சல்பேட் என்ற உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காது. கை தவறிப் போயிற்றோ என்று சந்தேகம் வரும் நேரத்தில் குவளைக்குள் லேசாக நீலம் ஓடும். பிறகு சட்டென்று கறுத்துக் கரும்பச்சையாகிவிடும். குவளையைத் தொட்டால் சூடு தெரியும். துணியை எடுத்து நன்றாக அலசிக் காயவைத்தால் இப்படி, படிக்கட்டில் பாசி பிடித்த மாதிரி இருக்கும். படிந்திருப்பதன் பெயர் பாலியனிலின். ஒரு பலபடி. ஊர்ப் பேச்சில் சொன்னால் பிளாஸ்டிக் வகையறா.

இப்போது மல்டிமீட்டரை வைக்கிறேன். வீட்டுக்கு வயரிங் பார்க்க வரும் எலக்ட்ரீஷியன் பையில் இருக்குமே, அதே மீட்டர்தான். சாயம் ஏறாத வெள்ளைப் பக்கத்தில் இரண்டு முனைகளையும் அழுத்தினால் அளக்க முடியாத மின்தடை, மீட்டர் கைவிரித்துவிட்டது. பச்சைப் பக்கத்தில் வைத்தால் சில கிலோ ஓம். மின்சாரம் போகிறது. அம்மோனியா புட்டியின் வாயில் இந்தப் பச்சையைக் கொஞ்ச நேரம் காட்டுகிறேன். நிறத்தைப் பாருங்கள், நீலமாகிறது. மீட்டரில் எண் ஏறி ஏறி, மறுபடியும் கைவிரித்துவிட்டது. அமிலப் புட்டியின் ஆவியில் பிடித்தால் பச்சையும் திரும்பும், கடத்தலும் திரும்பும். இந்தத் துணி ஏன் இப்படி நடந்துகொள்கிறது, இதன் பங்காளிகளை வைத்துச் சூரிய மின்கலம் செய்யப் போனவர்கள் எங்கே மாட்டிக்கொண்டார்கள், இவ்வளவுதான் இன்றைய பேச்சு.

அனிலின் என்ற பெயரிலேயே நம் பக்கத்து வாசனை இருக்கிறது. ‘நீல’ என்ற வடசொல் அரபிக்குப் போய் ‘அந்நீல்’ ஆகி, போர்த்துக்கீசியர் வாயில் ‘அனில்’ ஆயிற்று. அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்துக்கு அங்கே அதுதான் பெயர். திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிராகிறது. 1826இல் உன்வெர்டோர்பன் என்ற ஜெர்மானியர் அவுரி நீலத்தைக் காய்ச்சி வடித்து ஓர் எண்ணெயைப் பிரித்தார். 1840இல் ஃப்ரிட்ஷே என்பவர் அதற்கு அனிலின் என்று பெயர் வைத்தார். 1862இல் லண்டனில் ஹென்றி லெதபி, அனிலின் உடம்பில் எப்படி விஷமாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அமிலத்தில் கரைத்த அனிலினுக்குள் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். பிளாட்டினத் தகட்டில் நீலமும் பச்சையுமாக ஒரு படிவு. என் வேட்டித் துணியில் இருப்பதன் மூதாதை அது. நிறம் மாறுவதை அவர் கவனித்தார். அந்தப் படிவின் வழியாக மின்சாரம் போகுமா என்று பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. 1960களில் ஆஸ்திரேலியாவிலும் பிரான்சிலும் சிலர் இந்த மாதிரிப் பொருள்களை அளந்து எழுதினார்கள். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

உலகம் திரும்பிப் பார்த்த கதை ஒரு தவறில் தொடங்குகிறது. 1967, டோக்கியோ தொழில்நுட்பக் கழகம். ஹிடேகி ஷிரகாவா வேலை பார்த்த ஆய்வகத்தில் அசிட்டிலீன் வாயுவைச் சங்கிலியாகக் கோத்துப் பாலிஅசிட்டிலீன் செய்துகொண்டிருந்தார்கள். ஆமாம், வெல்டிங் கடையில் எரியும் அதே அசிட்டிலீன். வழக்கமாகக் கிடைப்பது கறுப்புத் தூள்; கரையாது, உருகாது, ஒன்றுக்கும் உதவாது. கொரியாவிலிருந்து வந்திருந்த ஆய்வாளர் ஒருவர், வினையூக்கியைக் குறிப்பில் இருந்ததைவிட ஆயிரம் மடங்கு சேர்த்துவிட்டார். ‘மில்லி’ என்ற ஒரு சொல் விட்டுப்போனதுதான் காரணம் என்று பின்னாளில் ஷிரகாவா விளக்கம் சொன்னார். குடுவையில் தூளுக்குப் பதிலாக ஏடு படிந்திருந்தது. பால் ஏடுபோல, ஆனால் வெள்ளி மாதிரி மின்னும் ஏடு. கெட்டுப்போனதைக் கொட்டிக் கழுவி வைப்பதுதான் ஆய்வக வழக்கம். ஷிரகாவா கொட்டவில்லை. ஏன் இப்படி வந்தது என்று வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். கடுங்குளிரில், மைனஸ் 78 டிகிரியில் செய்தால் செம்பு நிறம், 150 டிகிரியில் செய்தால் வெள்ளி நிறம் என்று அதைத் தன் சொற்படி கேட்கவைத்தார். மின்னியதே தவிர, அந்த ஏட்டில் மின்சாரம் உருப்படியாகப் போகவில்லை.

1975இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலிருந்து ஆலன் மெக்டியார்மிட் அங்கே வந்தார். அவரிடம் பொன் நிறத்தில் ஒரு பலபடி இருந்தது, கந்தகமும் நைட்ரஜனும் மாறி மாறிக் கோத்தது. தேநீர் இடைவேளையில் அவர் பொன்னைக் காட்ட, ஷிரகாவா வெள்ளியைக் காட்டினார். மெக்டியார்மிட் அவரைத் தன் ஊருக்கே அழைத்துக்கொண்டார். இந்த மெக்டியார்மிட் நியூசிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். வெல்லிங்டனில் கல்லூரி ஆய்வகத்தில் தரை கூட்டி, குடுவை கழுவிக்கொண்டே படித்தவர். எங்கள் கல்லூரியில் குடுவை கழுவும் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்; அதனால் அவர்களிடம் அதட்டிப் பேசுவதை விட்டுவிட்டேன். பென்சில்வேனியாவில் ஆலன் ஹீகர் என்ற இயற்பியலாளரும் சேர்ந்துகொண்டார். 1976 நவம்பரில் வெள்ளி ஏட்டின் மேல் புரோமின் ஆவியைக் காட்டினார்கள். சில நிமிடத்தில் கடத்துத்திறன் ஒரு கோடி மடங்கு ஏறியது. நாம் காயத்துக்குத் தடவும் டிங்சரில் இருக்கிறதே, அந்த அயோடினும் அதே வேலையைச் செய்தது. 1977இல் கட்டுரை வந்தது. 2000இல் மூவருக்கும் வேதியியல் நோபல்.

ஏன் கடத்துகிறது? கார்பனுக்கு நான்கு கை. வாளி, குடம் செய்யும் பாலிஎத்திலீனில் நான்கு கையும் இறுகப் பிடித்திருக்கும். எலெக்ட்ரான் அசைய இடமில்லை. பாலிஅசிட்டிலீனில் மூன்று கைதான் இறுகப் பிடிக்கும். நான்காவது கை இடப்பக்கத்துக் கார்பனோடோ வலப்பக்கத்துக் கார்பனோடோ சேர்ந்து ஓர் இரட்டைப் பிணைப்பு போடும். ஒன்றுவிட்டு ஒன்று இரட்டை. கோலாட்டம் பார்த்திருப்பீர்கள். வரிசையில் நிற்கும் பெண்கள் இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்ந்து கோல் தட்டுகிறார்கள். எல்லாருக்கும் சோடி இருக்கும்வரை வரிசையில் எந்த மாற்றமும் இல்லை. திடீரென்று ஒருத்தி கோலைக் கீழே வைத்துவிட்டால்? அவளுடைய சோடி மறுபக்கம் திரும்பி அடுத்தவளோடு தட்டுவாள். அவளை இழந்தவள் தனக்கு அடுத்தவளிடம் திரும்புவாள். சோடி தப்பிய இடம் வரிசை நெடுக நகர்ந்துகொண்டே போகும். அயோடின் செய்வது அந்த ஒரு கோலைப் பிடுங்குவதுதான். சங்கிலியிலிருந்து ஓர் எலெக்ட்ரானை எடுத்துக்கொள்கிறது. இதற்குப் பாடநூலில் மாசூட்டல் என்று பெயர். என் துணியில் அமிலம் செய்வது கொஞ்சம் வேறு மாதிரியான மாசூட்டல். அங்கே எலெக்ட்ரானைப் பிடுங்குவதில்லை, ஹைட்ரஜன் அயனியைச் சேர்க்கிறோம். விளைவு ஒன்றேதான்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பத்திரிகைச் செய்திகளில் இது எப்போதும் கலங்கியே வரும். ‘கடத்தும் பலபடியால் சூரிய மின்கலம்’ என்று எழுதுகிறார்கள். மாசூட்டி நன்றாகக் கடத்தும் பலபடி, வெளிச்சத்தை வாங்கி மின்சாரமாக்கும் வேலைக்கு ஆகாது. செம்புக் கம்பியை வெயிலில் வைத்தால் சூடாகும், மின்சாரம் தராது, அந்த மாதிரிதான். வெளிச்சத்தை உண்பதற்கு மாசூட்டாத பலபடி வேண்டும், அதாவது குறைக்கடத்தி நிலையில் இருப்பது. மாசூட்டிய பலபடிக்கும் மின்கலத்தில் இடம் உண்டு. அது மின்முனைப் பக்கத்தில் நின்று, வரும் மின்னூட்டத்தை வாங்கிக் கடத்தும் வேலை. அந்த வேலைக்குப் பெரும்பாலும் எடுப்பது பெடாட் என்ற பொருள். ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தார் 1980களின் கடைசியில் செய்தது. தண்ணீரில் கலந்தால் பேனா மைபோல் கருநீலமாக இருக்கும். முதலில் பிழைப்பு கிடைத்தது சூரிய மின்கலத்தில் இல்லை; அக்ஃபா ஃபோட்டோ பிலிமில் நிலைமின்சாரம் சேர்ந்து தூசி ஒட்டாமலிருக்கப் பூசும் பூச்சாகத்தான். நாற்பது வயது தாண்டியவர்கள் கல்யாண ஆல்பத்து நெகட்டிவ்களை எடுத்துப் பாருங்கள். கடத்தும் பலபடி உங்கள் வீட்டு பீரோவில் அப்போதே குடியிருந்திருக்கலாம்.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். சிலிக்கானில் வெளிச்சம் விழுந்தால் ஓர் எலெக்ட்ரான் துள்ளி எழுகிறது; அது இருந்த இடத்தில் துளை ஒன்று விழுகிறது. எலெக்ட்ரான் எதிர்மின், துளை நேர்மின். சிலிக்கானுக்குள் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள ஈர்ப்பு மங்கிவிடுகிறது. சாதாரண அறைச் சூடே அவற்றைப் பிரித்துவிடப் போதும். பலபடியில் கதை வேறு. மின்புலத்தை மங்கச் செய்யும் ஆற்றல் சிலிக்கானுக்கு 12 என்றால் பலபடிக்கு 3 அல்லது 4. எலெக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்கின்றன. இந்தச் சோடிக்கு எக்ஸைட்டான் என்று பெயர். இதைப் பிரிக்க, அறைச் சூடு தரும் ஆற்றலைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் வேண்டும். யாரும் பிரிக்காவிட்டால் ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் இரண்டும் மறுபடி ஒன்றாகிவிடும். வாங்கிய வெளிச்சம் சூடாகவோ மங்கலான ஒளியாகவோ வீணாகும். பிளாஸ்டிக் சூரிய மின்கலத்தின் வரலாறு முழுக்க இந்தச் சோடியைப் பிரித்துவைக்கப் பட்ட பாடுதான். மற்றதெல்லாம் கிளைக்கதை.

முதல் வழியைக் காட்டியவர் கோடாக் நிறுவனத்தில் இருந்த சிங் டாங். 1986இல் அவர் எழுதிய கட்டுரை மூன்று பக்கத்தைத் தாண்டாது. எலெக்ட்ரானைக் கொடுக்க விரும்பும் பொருள் ஓர் அடுக்கு, வாங்க விரும்பும் பொருள் அதன்மேல் ஓர் அடுக்கு. சோடி எல்லைக்கு வந்தால் எலெக்ட்ரான் அந்தப் பக்கம் தாவிவிடும், துளை இந்தப் பக்கமே நின்றுவிடும். அவர் எடுத்துக்கொண்டது பலபடி இல்லை, சிறு மூலக்கூறுகள். அதில் ஒன்று செம்பு தாலோசயனின். அச்சு மையிலும் நீலப் பிளாஸ்டிக்கிலும் இருக்கும் நீலம் அது. கிடைத்த திறன் 1 சதவீதத்தை ஒட்டி. சோடி எல்லைக்கு வந்தால் பிரியும். ஆனால் வந்து சேர வேண்டுமே! எக்ஸைட்டான் தன் ஆயுளுக்குள் நடக்கக்கூடிய தூரம் 10 நானோமீட்டரைச் சுற்றித்தான். வெளிச்சத்தை முழுக்க வாங்கவோ 100 நானோமீட்டர் கனமாவது அடுக்கு வேண்டும். மெல்லிசாகப் பூசினால் வெளிச்சம் தப்பிவிடும், கனமாகப் பூசினால் சோடிகள் பாதி வழியிலேயே முடிந்துவிடும்.

1992இல் ஹீகரும் அவருடைய கூட்டாளி சரிசிஃப்ட்சியும் கலிபோர்னியாவின் சான்டா பார்பராவில் அடுத்த அடியை வைத்தார்கள். கால்பந்து மாதிரி அறுபது கார்பன் சேர்ந்த ஃபுல்லரீன் உருண்டையைப் பலபடியின் பக்கத்தில் வைத்தால் எலெக்ட்ரான் எவ்வளவு வேகமாகத் தாவுகிறது என்று பார்த்தார்கள். பின்னால் இன்னும் நுட்பமாக அளந்தபோது, ஒரு வினாடியைப் பத்து லட்சம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்குள் தாவுவது தெரிந்தது. இனி எல்லைக்கு வருவதுதான் பிரச்சினை. 1995இல் அதற்கு ஒரு விடை வந்தது. அதே சான்டா பார்பராவில், அடுக்கடுக்காக வைப்பதை விட்டுவிட்டு, பலபடியையும் கரையக்கூடிய ஃபுல்லரீனையும் ஒரே கரைப்பானில் கரைத்துக் கலந்து ஊற்றிவிட்டார்கள். கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு படியும். எங்கே வெளிச்சம் விழுந்தாலும் பத்து நானோமீட்டருக்குள் ஏதோ ஓர் எல்லை இருக்கும்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஒவ்வொரு வயலுக்கும் பக்கத்தில் வாய்க்கால் இருக்க வேண்டும். அந்த வாய்க்கால் ஆற்றோடு சேர்ந்தும் இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தூர்ந்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. கலவையிலும் அப்படியே. இரண்டும் அளவுக்கு மீறிக் கரைந்து ஒன்றாகிவிட்டால் வாய்க்காலே இருக்காது; பிரிந்த எலெக்ட்ரானுக்கு மின்முனைவரை வழி கிடைக்காது. அளவுக்கு மீறிப் பிரிந்து கட்டிகட்டியாகிவிட்டால் சோடிகள் வாய்க்காலுக்கு வந்து சேராது. நடுவில், பத்திருபது நானோமீட்டர் அகலத்தில், அறுபடாமல் ஓடும் இரட்டை வாய்க்கால் வலை வேண்டும். மண்வெட்டியால் வெட்ட முடியாது. கரைப்பானை மாற்றி, சூட்டை மாற்றி, காயும் வேகத்தை மாற்றி, அதுவாக வெட்டிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். இருபது வருடத்து முனைவர் பட்டங்கள் பாதிக்கு மேல் இந்த வாய்க்கால் வேலையில் வாங்கியவை என்று சொன்னால் மிகையில்லை. என் பட்டமும் அதில் ஒன்று.

நாங்கள் கட்டிக்கொண்டு அழுத பொருளின் பெயர் பாலி ஹெக்சில் தயோஃபீன். ஆய்வகத்தில் பி3எச்டி என்போம். குளோரோபென்சீனில் கரைத்தால் பழுத்த பப்பாளியின் ஆரஞ்சு நிறம். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றவிட்டால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நிறம் மாறிக்கொண்டே போகும். ஆரஞ்சு போய் நாவற்பழக் கறையின் நிறம் வரும். சங்கிலிகள் நிமிர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்கின்றன என்று அர்த்தம். ஃபுல்லரீன் கலந்த படலத்தை 150 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கினால் அந்த நாவல் நிறம் இன்னும் ஆழமாகும், திறனும் கூடும். 2005 வாக்கில் இந்தக் கலவை 5 சதவீதத்தைத் தொட்டது. காகிதத்தைப்போல அச்சடித்துச் சுருட்டி விற்கலாம், வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதுபோல் அடித்துவிடலாம் என்றெல்லாம் பேச்சு எழுந்தது. நானும் மேடையேறிப் பேசினேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஒரு தீபாவளி விடுமுறை எனக்கு அந்தக் கூச்சத்தைக் கற்றுத்தந்தது. நான் அப்போது இருந்த ஆய்வகத்தின் பெயர் வேண்டாம். மின்கலங்களைக் கையுறைப் பெட்டி என்ற நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் செய்வோம். உள்ளே ஆக்ஸிஜனும் ஈரமும் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்கக் கூடாது. விடுமுறைக்கு நைட்ரஜன் சிலிண்டரை மாற்றாமல் போய்விட்டார்கள். ஐப்பசி அடைமழை. நான்காம் நாள் வந்து பார்த்தால் பெட்டி வெளிக்காற்றை உள்ளே இழுத்திருந்தது. மின்முனைக்காக ஒரு கண்ணாடித் துண்டில் கால்சியம் உலோகத்தைப் படியவைத்திருந்தோம். முகம் பார்க்கும் கண்ணாடிபோல் இருந்தது அது. இப்போது அங்கே வெறும் கண்ணாடி. கால்சியம் ஈரத்தோடு சேர்ந்து ஒளி ஊடுருவும் பொருளாகி, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. செய்துவைத்திருந்த பதினாறு மின்கலங்களையும் அளந்தோம். விடுமுறைக்கு முன் 3 சதவீதம் கொடுத்தவை, ஒன்றுகூட அரை சதவீதம் தரவில்லை. எங்கள் பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. சன்னலைத் திறந்து, வெளியே பெய்துகொண்டிருந்த மழையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மழையாவது மூடிவைத்தால் தடுக்கலாம். வெயில்? மொட்டை மாடியில் இரண்டு கோடை கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டுப் பாருங்கள். வெளுத்து, கையில் மாவு ஒட்டும். கனமான ஆள் உட்கார்ந்தால் உடையும். வெளிச்சத்தை வாங்காத, வாங்க வேண்டிய அவசியமே இல்லாத பிளாஸ்டிக்குக்கே அந்தக் கதி. நம் பலபடிக்கோ வெளிச்சத்தைக் குடிப்பதுதான் வேலை. குடிப்பதற்கென்று வைத்த அதே இரட்டைப் பிணைப்புகளைத்தான் ஆக்ஸிஜனும் வெளிச்சமும் சேர்ந்து அறுக்கின்றன. நாவல் நிறம் நாளாக நாளாக வெளிறும். மின்முனைப் பக்கம் காவலுக்கு நின்ற பெடாட்டும் அமிலத்தன்மை உள்ளது. ஈரத்தை உறிஞ்சும், தான் உட்கார்ந்திருக்கும் ஆக்சைடு பூச்சையே அரிக்கும். சிலிக்கான் தகடு 25 வருட உத்தரவாதத்தோடு வருகிறது. அதன் எதிரே நின்று போட்டியிட வேண்டும்.

போட்டி எப்படி முடிந்தது என்பதற்கு ஒரு நிறுவனமே சாட்சி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரில் 2001இல் கொனார்கா தொடங்கியது. ஹீகரும் அதன் நிறுவனர்களில் ஒருவர். பதினேழு கோடி டாலருக்குமேல் முதலீடு திரட்டினார்கள். பைகளிலும் நிழற்குடைகளிலும் ஒட்டக்கூடிய பிளாஸ்டிக் மின்கலச் சுருள் செய்தார்கள். 2012இல் திவாலானது. அவர்கள் பொருள் மோசம் என்பது மட்டும் காரணமில்லை. 2008இல் ஒரு வாட்டுக்கு 4 டாலரை ஒட்டி இருந்த சிலிக்கான் தகட்டின் விலை, சீனத் தொழிற்சாலைகள் பெருகியதும் 2012இல் ஒரு டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. ‘மலிவு’ என்ற ஒற்றை வாக்குறுதியோடு பந்தயத்தில் இறங்கியவர்களுக்கு எதிராளியே மலிவாகிவிட்டால் என்ன செய்வது? 2016இல் ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தபோது, அதில் இருந்த 25 லட்சம் தகடுகளில் பிளாஸ்டிக் ஒன்றுகூட இல்லை.

துறை செத்துவிட்டது என்று பலர் எழுதிக்கொண்டிருந்த நாள்களில்தான் சீனாவிலிருந்து மறுபிறப்பு வந்தது. ஃபுல்லரீனில் பெரிய குறை ஒன்று உண்டு: அது எலெக்ட்ரானை வாங்குமே தவிர, வெளிச்சத்தைச் சரியாக வாங்காது. கலவையில் பாதிக்குமேல் இருக்கும் சரக்கு வெயிலில் சும்மா நிற்கிறது. அதற்குப் பதிலாக, தானும் வெளிச்சத்தை வாங்கி எலெக்ட்ரானையும் வாங்கும் மூலக்கூறுகளை 2015 முதல் செய்யத் தொடங்கினார்கள். 2019இல் யிங்பிங் ஸோவும் கூட்டாளிகளும் ஒய்6 என்ற மூலக்கூறை அறிவித்தார்கள், திறன் 15.7 சதவீதம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புவரை அது வெளிச்சத்தைப் பிடிக்கிறது. இன்னொரு விந்தை: சோடியைப் பிரிக்க முன்பு ஆற்றலைத் தாராளமாகக் கொட்ட வேண்டியிருந்தது, இதில் மிகக் குறைந்த செலவிலேயே பிரிகிறது. ஏன் என்று இன்னும் வாதம் ஓயவில்லை. அதற்குப் பிறகு 18, 19 என்று ஏறி, இப்போது 20 சதவீதத்தைத் தாண்டிய அறிவிப்புகள் வருகின்றன.

இருபது சதவீதம் என்றால் உங்கள் மாடியில் இருக்கும் சிலிக்கான் தகட்டுக்குச் சமம். அப்படியானால் ஏன் கடையில் கிடைக்கவில்லை? கட்டுரையில் சிறிய எழுத்தில் ஒரு விவரம் இருக்கும். அளந்த மின்கலத்தின் பரப்பு பெரும்பாலும் 0.04 முதல் 0.1 சதுர சென்டிமீட்டர்வரை. 0.04 என்றால் இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர்; ஏறக்குறைய ஓர் எள்ளளவு. எள்ளளவில் வாய்க்கால் வலையை ஒழுங்காக அமைக்கலாம். ஒரு சதுர மீட்டருக்கு, நூறு நானோமீட்டர் கனத்தில், ஊசிமுனை ஓட்டைகூட விழாமல் பூசுவது வேறு வித்தை. குளோரோபென்சீன், குளோரோஃபார்ம் மாதிரி நஞ்சுள்ள கரைப்பான்களை எள்ளுக்கு ஒரு சொட்டு விடலாம்; தொழிற்சாலையில் பீப்பாய் பீப்பாயாக ஆவியாக்க எந்த ஊரும் இடம் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. கலந்து ஊற்றிய அந்தப் பழைய 1995 கட்டுரை சொன்ன 2.9 சதவீதத் திறனும் முழு வெயிலில் அளந்ததில்லை, குறைந்த வலிமையுள்ள ஒற்றை நிற ஒளியில் அளந்தது. பொய் சொல்லவில்லை, எல்லாம் எழுதியே இருக்கிறது. செய்தியாகி நம்மிடம் வரும்போது அந்த வரிதான் முதலில் உதிர்கிறது.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். கூரைக்கு இது வராது. வந்தாலும் நான் வாங்கமாட்டேன். கூரைக்குச் சிலிக்கான் இருக்கிறது, அது போதும். பிளாஸ்டிக்குக்கான இடம் கூரைக்குக் கீழே, வீட்டுக்குள். எங்கள் பி3எச்டியைப் பற்றி இருந்த பெரிய புகாரே, அது 650 நானோமீட்டருக்கு மேலுள்ள சிவப்பையும் அகச்சிவப்பையும் வாங்காமல் விட்டுவிடுகிறது, சூரிய ஒளியில் பாதியை வீணாக்குகிறது என்பதுதான். எல்.இ.டி. விளக்கின் வெளிச்சத்தில் அகச்சிவப்பே கிடையாது. வெயிலில் குறையாக இருந்தது அறைக்குள் பொருத்தமாகிவிடுகிறது. அறை வெளிச்சத்துக்கு உகந்த ஆற்றல் இடைவெளி 1.9 எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வருகிறது. பி3எச்டியின் இடைவெளி கிட்டத்தட்ட அதேதான். சிலிக்கானுக்கு 1.1, மங்கலான அறை வெளிச்சத்தில் அது சோர்ந்துபோகும். அறை விளக்கில் 25 சதவீதத்துக்கு மேல் தரும் கரிம மின்கலங்கள் வந்துவிட்டன. ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைப்பது சில பத்து மைக்ரோவாட்டுதான். விசிறி ஓடாது, செல்போன் ஏறாது. குளிர்பதனக் கிடங்கில் சூட்டைக் குறித்து அனுப்பும் ஒரு சின்னக் கருவிக்கு, கடை அலமாரியில் விலை காட்டும் ஒரு சின்னத் திரைக்கு அது போதும். வருடந்தோறும் கோடிக்கணக்கில் குப்பைக்குப் போகும் பொத்தான் பாட்டரிகளை நினைத்தால், அந்தச் சில பத்து மைக்ரோவாட்டு எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை. வீட்டுக்குள் மழையும் இல்லை, உச்சி வெயிலும் இல்லை. ஆயுள் பிரச்சினையும் பாதி குறைகிறது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘பிளாஸ்டிக் சூரிய மின்கலத்தில் புதிய சாதனை’ என்று இனி ஒரு செய்தி படித்தால், சதவீதத்தைப் பார்த்துக் கைதட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை சதுர சென்டிமீட்டர்? எத்தனை மணி நேரம், எந்த வெளிச்சத்தில்? விடை செய்தியில் இருக்காது. மூலக் கட்டுரையைத் தேடிப் போங்கள், அங்கே இருக்கும்.

துணியையும் மீட்டரையும் இந்த மேசையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். வந்து நீங்களே அளந்து பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள். அந்தப் பச்சை விரலில் பட்டால் இரண்டு மூன்று நாளைக்குப் போகாது.